நாளும் நம்பிக்கையும்

மார்கழி மாதம் நெருங்கும்போது நம் நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் இரு வேறு பேச்சுகள் எழுவதுண்டு. ஒன்று, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுப்பது, பலகாரம் சுட்டு அயலவருக்குப் பங்கிடுவது என்னும் பண்டிகைப் பேச்சு. மற்றையது அண்மைக் காலத்தில் ஓங்கி ஒலிப்பது. நத்தார் அஞ்ஞானிகளின் பண்டிகை என்றும், வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை என்றும், அதனைக் கொண்டாடுவோர் மெய்க் கிறிஸ்தவர் அல்லர் என்றும் துண்டுப் பிரசுரங்கள் கூறுகின்றன. கைத்தொலைபேசிச் செய்திகளும் கூறுகின்றன. ஒரே வீட்டில் தாய் பலகாரத்துக்கு மா வறுக்க, மகன் அதனை உண்ண மறுக்கும் நிலை சில குடும்பங்களில் ஏற்பட்டிருப்பதை நாம் அறிவோம்.

நாம் வேத சாஸ்திரம் கற்ற பண்டிதர் அல்லோம். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்லும் சாதாரண விசுவாசியே. எனினும், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை கூறும் கடமை பெற்றோர் எல்லோர்க்கும் உண்டு. அக்கடமை பற்றி நாம் தேடி அறிந்தவற்றையும் எண்ணித் துணிந்தவற்றையும் வாசகர் முன் வைக்கின்றோம்.

நாள் குறிக்கப்படாத பிறப்பு

இயேசு பெருமான் பிறந்த நாள் எது? நான்கு சுவிசேஷங்களுள் மத்தேயுவும் லூக்காவும் பிறப்பின் வரலாற்றைக் கூறுகின்றன. அவை பெத்லகேம் என்னும் ஊரைச் சொல்கின்றன. ஏரோது மன்னனின் காலத்தைச் சொல்கின்றன. நாளையும் மாதத்தையும் சொல்லவில்லை. கி. பி. 200 அளவில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெந்து என்னும் அறிஞர், தம் காலத்தில் சிலர் மே மாதத்துக்குரிய ஒரு நாளைப் பிறப்பு நாளாகக் கணித்ததைக் குறிப்பிட்டுள்ளார். டிசெம்பர் 25 ஆம் நாளைத் தெளிவாகக் காட்டும் பழைய சான்று, 354 ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்க நூலில் உள்ளது. வெல்லப்படாதவன் எனப் போற்றப்பட்ட சூரிய தேவனின் பிறந்த நாளும் அந்நூலில் அதே தேதியிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றது. அத்தேவனுக்கு 274 ஆம் ஆண்டில் உரோமையில் கோயில் எடுப்பித்தவன் அவுரேலியன் என்னும் பேரரசன்.

சூரிய விழாவையே திருச்சபை பெயர் மாற்றி எடுத்துக்கொண்டது என்பர் ஒரு சாரார். கிறிஸ்து கருவில் உதித்த நாள் மார்ச் 25 என முன்னோர் கணித்தனர், அதிலிருந்து ஒன்பது மாதங்கள் எண்ணியே டிசெம்பர் 25 ஆம் நாளை அடைந்தனர் என்பர் மற்றொரு சாரார். இரு பக்கத்திலும் கற்றோர் உளர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6 ஆம் நாளிலேயே பிறப்பைக் கொண்டாடுகின்றது. பழைய யூலியன் நாட்காட்டியைக் கைவிடாத ருஷ்யத் திருச்சபைக்கு அவ்விழா ஜனவரி 7 ஆம் நாளில் வருகின்றது.

ஆகவே, டிசெம்பர் 25 தான் கிறிஸ்து பிறந்த நாள் என்று அடித்துச் சொல்வோர் வேதம் கூறாத ஒன்றைக் கூறுகின்றனர். அந்நாளில் அவர் பிறப்பை நினைவுகூர்வது பாவம் என்போரும் வேதம் கூறாத ஒன்றையே கூறுகின்றனர்.

அஞ்ஞானக் கறை படிந்தது என்பதனால் ஒரு நாளைத் தள்ள வேண்டுமாயின், நாம் எங்கே நிற்பது? 'ஞாயிறு' என்னும் சொல்லே சூரியனின் பெயர். 'செவ்வாய்', 'வியாழன்' என்பன கோள்களின் பெயர்கள். வேதம், குரு, ஆராதனை, உபவாசம் என்று நாம் ஆலயத்தில் வழங்கும் சொற்கள் எல்லாம் கிறிஸ்து சமயம் இந்நாட்டில் கால் வைப்பதற்கு முன்பே வேறு சந்நிதிகளில் வழங்கியவை. அவற்றைச் சொல்லும்போது எம் உள்ளம் எவரை நோக்குகின்றது என்பதே கேள்வி.

இன்னும் ஒன்றுண்டு. இயேசு பெருமான் எருசலேம் ஆலயத்தில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது உலாவினார் என யோவான் எழுதியுள்ளார். அப்பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லாதது, கி. மு. 164 இல் மக்கபேயர் ஆலயத்தைத் தூய்மை செய்ததன் நினைவாகத் தோன்றியது. மனிதர் ஏற்படுத்திய நன்றி விழா என்பதற்காக அவர் அதனைக் கண்டிக்கவில்லை.

தடை செய்தோரும் தடைப்பட்டோரும்

நத்தாரை எதிர்க்கும் போதனை புதியது அன்று. 1647 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பார்லிமெந்து, பியூரித்தானியரின் ஆதிக்கத்தில் இருந்தபோது, நத்தாரையும் உயிர்த்த ஞாயிற்றையும் பெந்தெகொஸ்து விழாவையும் சட்டத்தினால் ஒழித்தது. 1660 இல் முடியாட்சி மீண்டபோதே அவ்விழாக்களும் மீண்டன. கடல் கடந்து அமெரிக்காவிற் குடியேறிய அவர்தம் இனத்தார் மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 இல் ஒரு சட்டம் இயற்றினர். நத்தாரைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் அபராதம் என்றது அச்சட்டம். 1681 இல் அது நீக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தில் 1640 இல் தடுக்கப்பட்ட நத்தார், 1958 ஆம் ஆண்டிலேதான் பொது விடுமுறையாயிற்று.

இவ்வரலாற்றுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1816 இல் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்த அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கம், அப்பியூரித்தானியரின் வழிவந்த சபைகளை ஆதாரமாகக் கொண்டு 1810 இல் அமைக்கப்பட்டது. அவர்களுடைய நாட்டில் கூட்டாட்சி அரசு நத்தாருக்கு விடுமுறை அளித்தது 1870 இல் ஆகும். அதற்கு முன்பே அவர்கள் வட்டுக்கோட்டையிற் செமினரியையும் உடுவிலிற் பெண்கள் பாடசாலையையும் நிறுவிவிட்டனர். 'உதயதாரகை' என்னும் பத்திரிகையையும் நடத்தினர். பண்டிகை பற்றிக் கடுமையான மரபிலிருந்து வந்தவர்கள் செய்த நற்பணியை எவரும் மறுக்கவியலாது. நத்தாரைக் கொண்டாடாமையால் ஒருவர் அவிசுவாசியாகிவிடுவதில்லை என்பதற்கு அவர்தம் முன்னோரே சான்று.

இதற்கு மறுபுறமும் நம் மண்ணிலேயே உண்டு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். 1687 இல் மாறுவேடத்தில் இங்கு வந்த யோசேவாஸ் முனிவர், சில்லாலைக் கிராமத்தைத் தம் பணிக்கு நிலைக்களமாகக் கொண்டு, இரவு வேளைகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில், ஒரு நத்தார் இரவில், வழிபாட்டுக்குக் கூடியிருந்த கத்தோலிக்க மக்களை ஒல்லாந்த அதிகாரிகள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் சிலர் கடும் தண்டனை பெற்றனர். வாஸ் முனிவர் 2015 ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பில் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

சிறைப்பட்ட அம்மக்களிடம் சென்று, "நீங்கள் கொண்டாடியது சூரியனின் விழா" என்று சொல்ல எவருக்கு நா எழும்? அவர்கள் தம் மீட்பர் பிறந்தார் என்ற ஒன்றையே அறிந்திருந்தனர். அதற்காகச் சிறை புகுந்தனர்.

விடுமுறையற்ற ஞாயிறு

பண்டிகைக்கு அரசு தரும் விடுமுறையையும், உள்ளம் தரும் ஓய்வையும் நாம் பல வேளைகளில் ஒன்றாக எண்ணிவிடுகின்றோம். இலங்கையில் அவ்விரண்டும் ஒருகாலத்திற் பிரிந்து நின்றன. 1966 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை, வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் இல்லாது போயா நாட்களில் இருந்தது. சந்திரனின் பிறைக் கணக்குப்படி அந்நாட்கள் வந்தமையால், ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே சில வாரங்களில் ஒரு நாள் கூடுதலாகவும் அமையும். ஞாயிறு, வேலை நாட்களுள் ஒன்றாயிற்று. கந்தோருக்கும் பாடசாலைக்கும் போகுமுன் அதிகாலையிலோ, வேலை முடிந்த பின் மாலையிலோதான் பலரும் ஆலயம் செல்ல முடிந்தது. அக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் உளர். ஆலயம் அழியவில்லை என்பதே அவர்கள் நமக்குத் தரும் சாட்சி.

ஆதித் திருச்சபையின் நிலையும் இதுவே. கி. பி. 112 அளவில் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்பவன், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகின்றனர் என்று பேரரசனுக்கு எழுதினான். விடியுமுன் கூடியவர்களுட் பலர் விடிந்தபின் தொழிலுக்குச் செல்ல வேண்டிய ஏழைகளும் அடிமைகளும் ஆவர். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கும் கட்டளையைக் கொன்ஸ்தாந்தைன் பேரரசன் 321 இல்தான் பிறப்பித்தான். ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் கிறிஸ்து சமயம் விடுமுறை இல்லாமலே வளர்ந்தது. இன்று விடுமுறை இருந்தும் ஞாயிறு காலையிலே பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, சமயம் தளர்கின்றது என்று பெருமூச்செறிகின்றோம்.

நாள் பற்றிய வேற்றுமையை எங்ஙனம் தாங்குவது என்பதற்கும் ஆதித் திருச்சபை வழி காட்டியுள்ளது. உயிர்ப்பு விழாவை எந்நாளில் கொண்டாடுவது என்பதில் ஆசியா நாட்டுச் சபைகளுக்கும் உரோமைச் சபைக்கும் ஒற்றுமை இருக்கவில்லை. கி. பி. 155 அளவில் சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு என்னும் முதியவர் உரோமைக்குச் சென்று, அங்கிருந்த ஆயர் அனிசேத்துவுடன் இது பற்றி உரையாடினார். இருவருள் எவரும் மற்றவரை இணங்கச் செய்ய முடியவில்லை. ஆயினும் அனிசேத்து, விருந்தினரைத் தம் ஆலயத்தில் நற்கருணை நிறைவேற்றச் செய்து மதித்தார். இருவரும் சமாதானத்துடன் பிரிந்தனர். 325 இல் நிசேயா நகரிற் கூடிய சங்கம் அவ்விழாவுக்குப் பொது விதி வகுத்த போதிலும், 1582 இல் நாட்காட்டி திருத்தப்பட்ட பின் கிழக்கும் மேற்கும் மீண்டும் வேறுபட்டன. அச்சங்கத்தின் 1700 ஆம் ஆண்டு நிறைவான 2025 இல், ஏப்பிரில் 20 ஆம் நாளில், இரு சாராரின் உயிர்த்த ஞாயிறும் ஒன்றாக வந்தமை இனியதொரு பொருத்தம்.

ஐயத்துக்குரிய போதனைகள்

பண்டிகையைப் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்க, அதனினும் ஆழமாகக் குடும்பங்களைக் காயப்படுத்தும் போதனைகள் சில உள. அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உலக முடிவுக்கு நாட் குறிப்பது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் தீர்க்கதரிசியின் நூலிலுள்ள 2300 என்னும் எண்ணை ஆண்டுகளாகக் கொண்டு கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியோர் 1844 ஒக்டோபர் 22 ஆம் நாளில் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தனர். பயிரை அறுக்காமல் விட்டோரும் உண்டு. பொழுது விடிந்தது, உலகம் முன்போலவே இருந்தது. நம் காலத்தில் ஹரல்ட் கேம்பிங் என்னும் வானொலிப் போதகர் 2011 மே 21 ஐக் குறித்தார். அது பொய்த்ததும் அதே ஆண்டு ஒக்டோபர் 21 என்றார். அதுவும் பொய்த்தபின், 2012 இல், நாட் குறித்தது தவறு என ஒப்புக்கொண்டார். அந்நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர வேறு எவரும் அறியார் என்று இயேசு பெருமானே கூறியிருக்க, நாம் அறிவோம் என்பவர் யாரிடம் கற்றவர்?

இரண்டாவது, காணிக்கையை விதை என்று சொல்லி, கொடுத்தவனுக்குப் பன்மடங்கு செல்வம் விளையும் என்று வாக்களிக்கும் போதனை. இதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தெற்சல் என்னும் துறவி, பாவத் தண்டனையைக் குறைக்கும் பலன்களைப் பணத்துக்கு வழங்கினார். அதனைக் கண்டு 1517 இல் மார்ட்டின் லூதர் கிளர்ந்தெழுந்தார். கத்தோலிக்கத் திருச்சபையும் அவ்வழக்கத்தின் கேட்டை உணர்ந்தது. பணம் பெற்றுப் பலன் அளிப்பதை 1567 இல் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் ஒழித்தார். இரு சபையாரும் நானூறு ஆண்டுகளுக்கு முன் தள்ளிய வாணிகம் இன்று வேறு பெயருடன் திரும்பி வந்திருக்கின்றது. சீட்டுப் பணத்தையும் மகளின் சீதனத்துக்கு வைத்த நகையையும் இவ்வாறு கொடுத்துவிட்டு, விளைச்சல் வராதபோது தம் விசுவாசத்தையே நொந்துகொள்ளும் எளியோரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நோய் நீங்காமைக்கு விசுவாசக் குறைவே காரணம் என்பது. எமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில், நீரிழிவுக்கு மருந்துண்ட மூதாட்டியார் ஒருவரிடம், மருந்து உண்பது கடவுளை ஐயுறுவதாகும் என்று ஒரு போதகர் கூறினார். மருந்து நிறுத்தப்பட்டது, காலிற் புண் ஆறாது வளர்ந்தது. மகள் வற்புறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றமையால் உயிர் தப்பியது. அம்மையாரை வருத்தியது புண் மாத்திரம் அன்று. தம் ஜெபம் கேட்கப்படவில்லை என்ற எண்ணமும் அவரை வாட்டியது.

வேதம் இப்போதனைக்கு இடம் தருகின்றதா? பவுல் அப்போஸ்தலர் துரோப்பீமு என்னும் தம் தோழரை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுச் சென்றார். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்ச ரசம் அருந்தும்படி ஆலோசனை எழுதினார். லூக்காவைப் பிரியமான வைத்தியர் என்றழைத்தார். நம் யாழ்ப்பாணத்திலும் வேதம் வந்த வழியிலேயே வைத்தியமும் வந்தது. மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் வைத்தியர் ஒரு மிஷனரியார். அவர் மருந்தையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்தவில்லை.

இத்தகைய போதனைகளின் வெறுமையை 2019 ஏப்பிரில் 21 ஆம் நாள் நம் கண்முன் காட்டியது. அன்று உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், சில விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பில் மாண்டோருள் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவரும் இருந்தனர். விசுவாசம் உடையவனுக்குத் துன்பம் அணுகாது என்று போதிப்பவர், அச்சிறுவரின் தாய்மார் முன் நின்று அதனைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாததொரு போதனை, செழிப்பான நாட்களிற் சொன்னாலும் மெய்யாகிவிடாது. சிலுவையை நடுவில் வைத்த சமயம், துன்பப்படுவோரைக் குற்றவாளிகளாக்குவதற்கு எழுந்தது அன்று.

பொங்கலும் உறவும்

இனி, நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சங்கடத்தைக் கூற வேண்டும். நம்மிற் பலருக்குச் சைவ உறவினர் உண்டு. தாய்மாமன் வீட்டில் தைப்பொங்கல். பெரியம்மா வீட்டில் அந்தியேட்டி. அங்கே போகாதே, அவர்கள் கையால் உண்ணாதே என்று விலக்கும் போதனை சில இடங்களில் வலுத்து வருகின்றது. சிலைக்குப் படைத்த உணவைப் பற்றிக் கொரிந்து நகரச் சபையார் கேட்ட கேள்விக்குப் பவுல் விரிவாக விடை எழுதினார். ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக விருப்பமுண்டாயின், முன்வைத்ததை ஆராயாது உண்ணலாம் என்பது அவர் கருத்து; படையல் என்று எடுத்துச் சொல்லப்பட்டு அதனால் ஒருவருடைய மனச்சாட்சி இடறுமாயின் தவிர்க்க என்பதும் அவர் கருத்தே. உரோமையருக்கு எழுதிய நிருபத்திலும், நாட்களை விசேடமாக எண்ணுவோரும் எல்லா நாளையும் ஒப்ப எண்ணுவோரும் ஒருவரையொருவர் தீர்ப்பிடலாகாது என்று போதித்தார். கோயில் வழிபாட்டிற் கலந்துகொள்வது வேறு. மாமனின் முற்றத்தில் அமர்ந்து அவர் அன்போடு தரும் பொங்கலை உண்பது வேறு. முன்னையதை மனச்சாட்சி தடுக்கலாம். பின்னையதைத் தடுப்பது எது?

நாம் படிக்கும் வேதத்திலேயே அவ்வுறவின் அடையாளம் உண்டு. 1840களில் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்தபோது, அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். தம் சைவ சமயத்தில் அணுவளவும் தளராதவர். பின்னாளில் அச்சமயத்தைக் காக்கக் கிறிஸ்தவ போதனைக்கு எதிரே நின்றவர். எனினும் தமிழ் வேதாகம வரலாற்றில் அவருடைய தமிழும் ஓர் ஏடு. அவ்வேதத்தை ஏந்திக்கொண்டே அயல் வீட்டாரின் பொங்கலைத் தீட்டென்று தள்ளுவது நன்றியுடைமை ஆகாது.

உரைகல்

பொன்னை உரைகல்லில் உரைப்பது போலப் போதனையையும் உரைத்துப் பார்க்க வேதமே நமக்கு அதிகாரம் தந்திருக்கின்றது. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர், அதற்காகப் புகழப்பட்டனர். மாணவர்களும் இளைஞர்களும் ஒரு புதிய போதனையைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம் என்பது எமது எண்ணம்.

இப்போதனை ஒரு வசனத்தின் மேல் நிற்கின்றதா, முழு வேதத்தின் போக்கோடும் பொருந்துகின்றதா? இதனால் நன்மை அடைபவர் கேட்பவரா, போதிப்பவரா? இதனை ஏற்ற பின் பெற்றோர், உடன்பிறந்தார், அயலவர் மீது என் அன்பு கூடுகின்றதா, குறைகின்றதா?

நத்தாரும் இவ்வுரைகல்லுக்கு விலக்கன்று. கடன் பட்டுப் புத்தாடை எடுத்து, குடித்து வெறித்து, அயல் வீட்டில் அடுப்பெரியாததை அறியாது கழிக்கும் நத்தார், எதிர்ப்போர் இல்லாமலே தன் பொருளை இழந்துவிடுகின்றது. பண்டிகைச் செலவில் ஒரு பங்கை எளியவர் வீட்டுக்கு அனுப்பி, பேசாதிருந்த உறவினரிடம் முதலிற் பேசி, பிள்ளைகளுடன் அமர்ந்து லூக்கா எழுதிய பிறப்பின் வரலாற்றை வாசித்துக் கழிக்கும் நத்தார், எந்தத் தேதியில் வந்தாலும் கிறிஸ்துவின் நாளே. கொண்டாட மனமில்லாத மகனையும் அவ்வேளையில் மேசைக்கு அழையுங்கள். அவன் பலகாரத்தை உண்ணாவிட்டாலும், தாயின் அருகில் அமர்வதற்கு எந்த வேதமும் தடை சொல்லவில்லை.